கோரிக்கைக்கு நான்கு நொடி முன்பே பதிவான பதில்

ஒரு கோரிக்கை 10:42:11 மணிக்கு வந்து சேர்ந்ததாகச் செயலி ஓடும் சர்வரின் லாக், அதாவது நிகழ்வுப் பதிவேடு, சொன்னது. அதே கோரிக்கையால் உருவான பதிவு 10:42:07 மணிக்கே எழுதி முடிக்கப்பட்டதாக டேட்டாபேஸ் சர்வரின் லாக் சொன்னது. கேட்பதற்கு முன்பே பதில் எழுதப்பட்டிருந்தது. சுமார் நாற்பது மேசைக் கணினிகளும் சில சர்வர்களும் கொண்ட ஒரு நெட்வொர்க்கைப் பராமரிக்கும் பொறுப்பில் நான் இருந்தபோது நடந்தது இது. ஒரே பதிவு இரண்டு முறை ஏறிவிட்டது என்ற புகாரை ஆராயத்தான் அந்த லாக்குகளைத் திறந்திருந்தோம். வரிசை தலைகீழாக இருப்பதைக் கண்டதும், முந்தைய கோரிக்கை ஒன்றை ஏதோ ஒரு நிரல் மறுபடியும் அனுப்பிக்கொண்டிருக்கிறது என்று முடிவு செய்து, அடுத்த இரண்டு மணி நேரத்தை நிரல் வரிகளுக்குள்ளேயே செலவிட்டோம். இரண்டு கணினிகளின் கடிகாரங்களும் ஒரே நேரத்தைத்தான் காட்டுகின்றனவா என்ற கேள்வி அதன் பிறகுதான் எழுந்தது.

மூன்று கணினிகளில் ஒரே கணத்தில் நேரம் கேட்கும் கட்டளையை ஓட்டிப் பார்த்தேன். டேட்டாபேஸ் சர்வரும் மூன்றாவது கணினியும் ஒத்துப்போயின. செயலி சர்வர் மட்டும் 4.2 நொடி முந்தி ஓடியது. இரண்டை மட்டும் ஒப்பிட்டிருந்தால் வேறுபாடு இருக்கிறது என்று தெரிந்திருக்கும். எது தவறு என்று தெரிந்திருக்காது. அன்றிலிருந்து, இரண்டு கணினிகளின் லாக்குகளை அருகருகே வைத்துப் படிக்க வேண்டிய எந்த வேலையிலும் முதலில் அவற்றின் கடிகாரங்களை மூன்றாவது ஒன்றோடு ஒப்பிட்டு, கிடைத்த வேறுபாட்டைக் குறிப்பேட்டில் எழுதிவிட்டுத்தான் லாக்கைத் தொடுகிறேன்.

அப்போதே நேரத்தைச் சரியாக அமைத்துவிட வேண்டும் என்றுதான் கை பரபரத்தது. அமைக்காமல் ஒரு நாள் பொறுத்தது நல்லதாயிற்று. மறுநாள் அதே நேரத்தில் மீண்டும் அளந்தபோது விலகல் 5.4 நொடியாகியிருந்தது. ஒரு நாளைக்கு 1.2 நொடி என்பது பத்து லட்சத்தில் ஏறக்குறைய 14 பங்கு வேகப் பிழை. கணினிக்குள் இருக்கும் குவார்ட்ஸ் படிகங்களுக்கு இது இயல்பான அளவே. பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிழை ஒரு நாளில் 86.4 மில்லி நொடியாகச் சேரும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், எந்தக் கடிகாரத்தைப் பற்றியும் மனக்கணக்காகவே ஒரு மதிப்பீட்டுக்கு வந்துவிடலாம். ஒரு நாளில் சில நொடிகள் விலகினால் அது திருத்துவார் இல்லாமல் தன்போக்கில் ஓடும் நல்ல படிகம். ஒரு நாளில் பல நிமிடங்கள் விலகினால் படிகத்தைக் குறைசொல்லிப் பயனில்லை. வேறு ஏதோ ஒன்று அந்தக் கடிகாரத்தைக் கெடுக்கிறது.

வேகம் தெரிந்ததும் இன்னொரு கணக்கும் கைகூடியது. முதல் நாள் பார்த்த 4.2 நொடியை ஒரு நாளைக்கு 1.2 நொடி என்று வகுத்தால் மூன்றரை நாள் வருகிறது. அதாவது, மூன்றரை நாளுக்கு முன்பு இந்தக் கடிகாரம் சரியாக இருந்திருக்கிறது. பராமரிப்புக் குறிப்பைப் புரட்டினால், ஏறக்குறைய அந்த வேளையில்தான் செயலி சர்வரைப் பழைய பெட்டியிலிருந்து புதிய பெட்டிக்கு மாற்றியிருந்தோம். நிறுவும்போது நேரம் சரியாக அமைக்கப்பட்டது. அதன் பிறகு அந்தக் கணினி வெளியிலிருந்து நேரத்தைக் கேட்டுப் பெறவே இல்லை. நெட்வொர்க்கின் போக்குவரத்தை வடிகட்டும் ஃபயர்வாலில் பழைய பெட்டியின் முகவரிக்கு மட்டுமே நேரக் கோரிக்கைகளை வெளியே விடும் விதி இருந்தது. புதிய முகவரியைச் சேர்க்க மறந்திருந்தோம். விலகலையும் வேகத்தையும் சேர்த்துப் பார்த்தால் தவறு நிகழ்ந்த நாளே தெரிந்துவிடும் என்பதை அன்று கற்றேன். கண்டவுடன் நேரத்தைச் சரிசெய்திருந்தால் அந்தத் தடயம் அழிந்திருக்கும். ஆனால் இந்தக் கணக்குக்கு ஒரு வரம்பு உண்டு. நீண்ட காலம் ஒத்திசைவில் இருந்த கணினி தன் படிகத்தின் பிழையைக் கற்று, அதை ஒரு கோப்பில் எழுதி வைத்திருக்கும். தொடர்பு அறுந்த பிறகும் அந்தத் திருத்தத்தைத் தொடர்ந்து செலுத்தும் என்பதால் அதன் விலகல் மிக மெதுவாகவே வளரும். எங்கள் பெட்டி புதியது, அதற்குக் கற்ற பாடம் எதுவும் இல்லை. அதனால்தான் கணக்கு நேராக அமைந்தது.

இவ்வளவு நடந்தபோதும் கண்காணிப்புத் திரையில் அந்த சர்வரின் நேரச் சேவை பச்சை நிறத்திலேயே இருந்தது. அந்தப் பச்சைக்குப் பொருள், சேவை ஓடுகிறது என்பது மட்டுமே. வெளியே உள்ள நேர மூலங்களைக் கேட்டுக் கணினியின் கடிகாரத்தைத் திருத்தும் குரோனி என்ற நிரல் ஓடிக்கொண்டிருப்பதும் கடிகாரம் ஒத்திசைந்திருப்பதும் வெவ்வேறு செய்திகள். குரோனியிடம் டிராக்கிங் விவரத்தைக் கேட்டிருந்தால், எந்த மூலமும் தேர்வாகவில்லை என்று முதல் வரியிலேயே சொல்லியிருக்கும். மூலங்களின் பட்டியலில் ரீச் என்றொரு எண் வரும்; பலர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள், ஆனால் நான் முதலில் பார்ப்பது அதைத்தான். கடைசி எட்டுக் கேள்விகளுக்குப் பதில் வந்ததா இல்லையா என்பதை எட்டு பிட்டுகளாக வைத்து, எட்டடிமான எண்ணாக (0 முதல் 7 வரையிலான இலக்கங்களில்) அது காட்டும். எட்டுக்கும் பதில் வந்திருந்தால் 377. ஒன்றுக்கும் வரவில்லை என்றால் 0. 377 என்று இருந்தது சற்றுப் பொறுத்து 376 ஆனால் கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லை என்று பொருள். அடுத்த பதில் வந்தால் 375, அதன் பின் 373, 367 என்று அந்த ஒரு தவறல் இடப்பக்கமாக நகர்ந்து மறையும். இடையிடையே பாக்கெட் (அனுப்பப்படும் தரவுத் துண்டு) தொலையும் இணைப்பையும் முற்றிலும் அடைபட்ட இணைப்பையும் இந்த ஒரு எண்ணிலேயே பிரித்தறியலாம். செயலி சர்வரில் அது எல்லா மூலங்களுக்கும் 0 என்றே இருந்தது. ஒரு மூலம் மட்டும் 0 என்றால் அந்த மூலத்தைச் சந்தேகிக்கலாம். எல்லாமே 0 என்றால் கோளாறு நம் பக்கம்தான்.

அதை உறுதிசெய்ய, போய்வரும் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப் கருவியைக் கொண்டு, நேரக் கோரிக்கைகள் செல்லும் யுடிபி 123-ஆம் போர்ட்டைச் சில நிமிடங்கள் கவனித்தேன். கோரிக்கைகள் புறப்பட்டன, பதில் ஒன்றும் திரும்பவில்லை. இந்தச் சோதனையைச் செய்யும்போது பொறுமை வேண்டும். குரோனியும், நெட்வொர்க் வழியே நேரத்தைப் பரிமாறும் நெறிமுறையான என்டிபியின் பழைய சேவையும் இயல்பாக 64 நொடிக்கு ஒரு முறைதான் கேட்கும், நிலைபெற்ற பின் 1,024 நொடி வரை இடைவெளியை நீட்டிக்கொள்ளும். பத்து நொடி பார்த்துவிட்டுப் பாக்கெட்டே போகவில்லை என்று முடிவுசெய்தால் தவறான திசையில் போய்விடுவோம். 123-ஆம் போர்ட்டை இவ்வளவு இறுக்கமாகப் பூட்டி வைப்பதற்கு வரலாற்றுக் காரணமும் உண்டு. 2013 இறுதியிலும் 2014 தொடக்கத்திலும் பழைய என்டிபி சர்வர்களின் மான்லிஸ்ட் என்ற வசதியைப் பயன்படுத்தி, சிறு கோரிக்கையைப் பெரும் பதிலாகப் பெருக்கித் தாக்கும் வழக்கம் பரவியது. அதற்குப் பிறகு பல நெட்வொர்க்குகள் இந்தப் போர்ட்டை முழுவதுமாக அடைத்துவிட்டன. அடைத்தவர்கள் மீது குறை இல்லை. ஆனால் நெட்வொர்க்குக்குள் இரண்டு மூன்று கணினிகளுக்காவது வழிவிட்டு, மற்றவை அவற்றிடம் கேட்கும்படி அமைப்பதுதான் முறை.

ஃபயர்வால் விதியை மாற்ற ஒப்புதல் கிடைக்கச் சில நாள்கள் ஆகும் என்றார்கள். அந்த இடைவெளியில் நான் செய்த ஏற்பாடுதான் இந்த அனுபவத்திலேயே எனக்கு மிகுந்த வருத்தம் தருவது. ஒவ்வொரு நள்ளிரவும் டேட்டாபேஸ் சர்வரிடம் நேரத்தைக் கேட்டு, செயலி சர்வரின் கடிகாரத்தை ஒரேயடியாக அதற்கு மாற்றும் ஒரு கட்டளையைக் கால அட்டவணையில் சேர்த்தேன். அந்தக் கடிகாரம் முந்தி ஓடுவது. ஆகவே ஒவ்வொரு இரவும் அதன் நேரம் 1.2 நொடி பின்னோக்கிப் போனது. அதாவது ஒரே நொடி இரண்டு முறை வந்தது. நேரத்தையே அடையாள எண்ணாகக் கொண்டிருந்த ஒரு நிரல் இரண்டு பதிவுகளுக்கு ஒரே எண்ணைக் கொடுத்தது. ஒரு வேலை எவ்வளவு நேரம் எடுத்தது என்று முடிவு நேரத்திலிருந்து தொடக்க நேரத்தைக் கழித்த இன்னொரு நிரலுக்கு எதிர்மறை விடை வந்து, அது அங்கேயே நின்றுபோனது. கால அளவை அறிய ஒரு நிரல் சுவர்க் கடிகார நேரத்தை, அதாவது கணினி காட்டும் நாள், மணியை, பயன்படுத்தவே கூடாது; பின்னோக்கிச் செல்லாது என்ற உறுதியுடைய மோனோடோனிக் கடிகாரத்தை ஒவ்வொரு இயங்குதளமும் அதற்காகவே தருகிறது. அந்த நிரல்களின் குறை அது. ஆனால் அந்தக் குறையை உசுப்பிவிட்டது நான் எழுதிய ஒற்றை வரி.

நேரத்தைத் திருத்த இரண்டு வழிகள் உண்டு. ஒன்று தாவல், விலகல் எவ்வளவோ அவ்வளவையும் ஒரே கணத்தில் மாற்றிவிடுவது. மற்றொன்று இழுப்பு, கடிகாரத்தைச் சற்று மெதுவாகவோ வேகமாகவோ ஓடவிட்டு, எந்த நொடியும் விடுபடாமலும் திரும்ப வராமலும் சரியான நேரத்தோடு சேர்ப்பது. அந்தப் பழைய என்டிபி சேவையின் நிரலான என்டிபிடி 128 மில்லி நொடி வரையிலான விலகலை இழுப்பால் திருத்தும். அதற்கு மேல் நீடித்தால் தாவும். 1,000 நொடியைத் தாண்டினால் எதுவும் செய்யாமல் தானே நின்றுவிடும். இவ்வளவு பெரிய தவற்றை மனிதர் ஒருவர் பார்த்து முடிவு செய்யட்டும் என்பது அதன் நோக்கம். அதன் இழுப்பு வேகத்தின் உச்சம் பத்து லட்சத்தில் 500 பங்கு. ஒரு நொடியைச் சேர்க்க 2,000 நொடி ஆகும் என்பதால், எங்கள் 4.2 நொடிக்கு இரண்டு மணி இருபது நிமிடம் தேவைப்பட்டிருக்கும். குரோனி லினக்ஸில் இயல்பாகப் பன்னிரண்டில் ஒரு பங்கு வரை வேகத்தை மாற்ற வல்லது. அதற்கு ஒரு நிமிடத்துக்கும் குறைவே போதும். குரோனியில் பல லினக்ஸ் பதிப்புகள் வைத்திருக்கும் இயல்பமைப்பு, முதல் மூன்று திருத்தங்களில் மட்டும், அதுவும் விலகல் ஒரு நொடிக்கு மேல் இருந்தால் மட்டுமே, தாவலை அனுமதிக்கிறது. கணினி எழும் வேளையில், எந்த நிரலும் வேலையைத் தொடங்குமுன் தாவிவிட்டு, பிறகு எப்போதும் இழுப்பது என்ற இந்த ஒழுங்கு எனக்குச் சரியாகவே படுகிறது. இரவுக் கட்டளையை நீக்கிவிட்டு, ஒப்புதல் வரும்வரை டேட்டாபேஸ் சர்வரையே குரோனியின் மூலமாகக் கொடுத்தபோது, தொல்லை அன்றே அடங்கியது. அதை முதல் நாளே செய்திருக்கலாம்.

அடுத்து வந்தது, எத்தனை மூலங்கள் வேண்டும் என்ற கேள்வி. ஒன்று பழுதானால் இன்னொன்று இருக்கட்டும் என்று எல்லாக் கணினிகளுக்கும் இரண்டு மூலங்களைக் கொடுத்திருந்தோம்: வெளி மூலங்களைக் கேட்டு நேரத்தைப் பகிரும் ஒரு சர்வர், அதே பணியைச் செய்யும் ஒரு பழைய ரவுட்டர். ஒரு நாள் முழுவதும் இணைய இணைப்பு அறுந்திருந்தபோது, சர்வர் தான் கற்ற வேகத் திருத்தத்தால் ஏறக்குறைய சரியாகவே நின்றது. ரவுட்டருக்கு அந்தக் கல்வி இல்லை. தன் சொந்தக் கடிகாரத்தை நம்பி அரை நொடி நகர்ந்துவிட்டது. அதைவிடப் பெரிய கேடு, தன்னை நல்ல அடுக்கில் இருக்கும் மூலமாகவே அது தொடர்ந்து அறிவித்துக்கொண்டிருந்தது. என்டிபியில் ஸ்ட்ராட்டம் என்பது அணுக் கடிகாரம், ஜிபிஎஸ் போன்ற மேற்கோள் கடிகாரத்திலிருந்து எத்தனை படி தள்ளி இருக்கிறோம் என்ற எண்ணிக்கை. 16 என்றால் ஒத்திசைவு இல்லை என்று பொருள். அது தரத்துக்கான மதிப்பெண் இல்லை, தொலைவுக்கான எண்ணிக்கை. அதையும் அந்தச் சாதனம் தானே சொல்லிக்கொள்கிறது. இணைப்பு இல்லாத காலத்திலும் உள் நெட்வொர்க்குக்கு ஏதேனும் ஒரு நேரம் கிடைக்க வேண்டும் என்றால் சொந்தக் கடிகாரத்தை ஸ்ட்ராட்டம் 10 போன்ற தாழ்ந்த படியில் அறிவிக்கச் செய்யலாம். அப்போது உண்மையான மூலம் திரும்பியதும் எல்லாரும் அதன் பக்கம் போய்விடுவார்கள். எங்கள் ரவுட்டர் அப்படி அமைக்கப்படவில்லை.

இரண்டு மூலங்கள் முரண்பட்டபோது சில கணினிகள் சர்வரையும் சில ரவுட்டரையும் பின்பற்றின. சில எதையும் தேர்ந்தெடுக்க முடியாமல் நின்றன. இரண்டு சாட்சிகள் வேறுவேறாகச் சொன்னால் யார் பக்கம் உண்மை என்பதை எந்தக் கணக்கும் சொல்லாது. என்டிபியின் தேர்வு முறை, ஒவ்வொரு மூலமும் தரும் நேரத்தைப் பிழை வரம்போடு ஓர் இடைவெளியாகக் கொண்டு, பெரும்பான்மை இடைவெளிகள் ஒன்றன்மேல் ஒன்று விழும் பகுதியைத் தேடுகிறது. அதற்கு வெளியே நிற்கும் மூலத்தைப் பொய்க் கடிகாரம் என்று குறித்து ஒதுக்குகிறது. பட்டியலில் எக்ஸ் குறி விழும் மூலம் அதுவே. ஒரு பொய்யை அடையாளம் காணக் குறைந்தது மூன்று மூலங்கள் வேண்டும். அவற்றில் ஒன்று பழுதான நாளிலும் அந்தத் திறன் நீடிக்க நான்கு வேண்டும். இப்போது நான்குக்குக் குறைந்து வைப்பதில்லை. அந்த நான்கும் ஒரே வகையைச் சேர்ந்தவையாக இருப்பதையும் பார்த்துக்கொள்கிறேன். கூகுளின் பொது நேரச் சேவை போன்ற சில சேவைகள், பூமியின் சுழற்சியோடு ஒத்துப்போக எப்போதாவது சேர்க்கப்படும் கூடுதல் நொடியான லீப் நொடியை ஒரேயடியாகச் சேர்க்காமல் 24 மணி நேரத்துக்குப் பரப்பித் தருகின்றன. அந்த நாளில் அவை மற்ற மூலங்களிலிருந்து அரை நொடி வரை வேறுபடும். கடைசியாக லீப் நொடி சேர்க்கப்பட்டது 2016 டிசம்பர் 31-ஆம் நாள். 2035-க்குள் இந்த வழக்கத்தைக் கைவிடுவது என்று 2022-இல் எடை, அளவைகளுக்கான பொது மாநாடு தீர்மானித்திருக்கிறது. ஆனாலும் இரு வகைகளையும் கலப்பதற்கு எந்தத் தேவையும் இல்லை.

எல்லாக் கோளாறுகளிலும் என்னை நெடுநாள் அலைக்கழித்தது, ஒரு கணினிக்குள் மென்பொருளாக ஓடும் கணினிகளான விர்ச்சுவல் மெஷின்களில் வந்ததுதான். ஒரு மெஷினின் விலகலை வரைபடமாகப் போட்டால் ரம்பத்தின் பற்கள் போலத் தெரிந்தது: குரோனி மெல்ல இழுத்து விலகலைச் சுழியத்துக்குக் கொண்டுவரும், ஒரு நிமிடத்தில் 200 மில்லி நொடி ஒரேயடியாகத் தள்ளப்படும், மறுபடியும் இழுக்கும். ரீச் 377, மூலங்கள் நான்கும் ஒத்த கருத்து, நெட்வொர்க் தாமதம் ஒரு மில்லி நொடிக்கும் குறைவு. மூலங்களில் பிழை இல்லை, வழியில் பிழை இல்லை, ஆனாலும் கடிகாரம் நிலைகொள்ளவில்லை. குரோனியின் அமைப்பை ஒவ்வொன்றாக மாற்றிப் பல நாள் முயன்ற பிறகே, அதே கடிகாரத்தை வேறு எவரோ தொடுகிறார்கள் என்ற எண்ணம் வந்தது. மெஷினுக்குள் நிறுவப்பட்டிருந்த துணைக் கருவி, ஒவ்வொரு நிமிடமும் அடிப்படைக் கணினியின் நேரத்தை உள்ளே நகலெடுத்துக்கொண்டிருந்தது. அந்த அடிப்படைக் கணினியிலோ நேர ஒத்திசைவு அமைக்கப்படவே இல்லை. ஒரு கடிகாரத்துக்கு ஒரே எசமான்தான் இருக்க வேண்டும். அடிப்படைக் கணினியை முதலில் ஒத்திசைத்தோம். உள்ளே இருக்கும் மெஷின்களில் துணைக் கருவியின் தொடர் நகலெடுப்பை நிறுத்திவிட்டு, குரோனியிடமே பொறுப்பைக் கொடுத்தோம்.

அதன் பிறகும் ஓர் இடம் பாக்கி இருந்தது. விர்ச்சுவல் மெஷினை இடைநிறுத்திச் சிறிது நேரம் கழித்து எழுப்பினால், அது உறங்கிய கணத்திலிருந்தே தன் நேரத்தைத் தொடரக்கூடும். எழும்போது 40 நிமிடம் பின்தங்கியிருந்த மெஷின் ஒன்றில், முதல் மூன்று திருத்தங்களின் காலம் எப்போதோ முடிந்திருந்ததால் குரோனி தாவவில்லை. பன்னிரண்டில் ஒரு பங்கு வேகத்தில் இழுக்கத் தொடங்கியது. அந்தக் கணக்கில் எட்டு மணி நேரம் ஆகும். இப்படி எழுப்பிய மெஷின்களில் வேலையைத் தொடங்குமுன், குரோனியை உடனே தாவச் செய்யும் மேக்ஸ்டெப் (makestep) கட்டளையைக் கையால் கொடுப்பது எங்கள் நடைமுறைக் குறிப்பில் ஒரு வரியாகச் சேர்ந்தது.

எசமான் யார் என்ற இதே கேள்வி, விண்டோஸ் கணினிகளில் வேறொரு வடிவில் வந்தது. வெளி மூலங்களோடு நன்கு ஒத்திசைந்திருந்த ஒரு லினக்ஸ் சர்வரை விண்டோஸ் டொமைனில் (ஒரே உள்நுழைவு நிர்வாகத்தின் கீழ் இருக்கும் கணினிக் கூட்டத்தில்) சேர்க்க முயன்றபோது, நேர வேறுபாடு மிகுதி என்று உள்நுழைவு மறுக்கப்பட்டது. அங்கே உள்நுழைவைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் நெறிமுறை இயல்பாக ஐந்து நிமிட வேறுபாட்டை மட்டுமே பொறுத்துக்கொள்ளும். டொமைனில் இருந்த கணினிகள் அனைத்தும் தங்களுக்குள் மிகச் சரியாக ஒத்துப்போயின. வெளியுலகத்தை விட ஐந்து நிமிடத்துக்கு மேல் பின்தங்கியிருந்தன. டொமைனில் எல்லாக் கணினிகளும் ஏணிப்படியாக மேலே கேட்டு, இறுதியில் பிடிசி எமுலேட்டர் என்ற பொறுப்பை வகிக்கும் கட்டுப்பாட்டு சர்வரின் நேரத்தைப் பின்பற்றும். எங்களுடைய பிடிசி எமுலேட்டர் ஒரு விர்ச்சுவல் மெஷின். அது தன் அடிப்படைக் கணினியிடம் நேரத்தைப் பெற்றது. அந்த அடிப்படைக் கணினி டொமைனின் உறுப்பினர். அது பிடிசி எமுலேட்டரிடம் நேரத்தைப் பெற்றது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, ஒன்றாகவே விலகிக்கொண்டிருந்தார்கள். பத்து லட்சத்தில் 20 பங்கு என்ற எளிய பிழையே ஐந்து நிமிடமாகச் சேர ஏறக்குறைய ஆறு மாதம் எடுத்திருக்கும். அவ்வளவு காலமும் எந்த எச்சரிக்கையும் எழவில்லை, ஏனெனில் எச்சரிக்கை அமைப்பும் அதே டொமைனுக்குள்தான் நேரத்தை ஒப்பிட்டது. கணினிகள் ஒத்துப்போவதாலேயே அவை சரியாக இருப்பதாக ஆகிவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டை நான் கண்டதில்லை. விண்டோஸின் நேரக் கட்டளையான டபிள்யூ32டிஎம்மில் மூலம் எது என்று கேட்டால் அது ஒரே வரியில் பதில் தரும். பிடிசி எமுலேட்டரில் அந்த வரியில் லோக்கல் சிமாஸ் கிளாக் (தாய்ப்பலகையின் சொந்தக் கடிகாரம்) என்றோ, விஎம் ஐசி டைம் சிங்க்ரனைசேஷன் புரொவைடர் (அடிப்படைக் கணினியின் நேரம்) என்றோ வந்தால் உடனே கவனிக்க வேண்டும். வெளி மூலங்களை அந்த ஒரு சர்வருக்கு மட்டும் கொடுத்து, அடிப்படைக் கணினியிடமிருந்து அது நேரம் பெறுவதை நிறுத்தினோம். நேரம் முன்னோக்கித்தான் தாவ வேண்டியிருந்தது என்பதால், பணி நேரம் முடிந்தபின் ஒரு மாலையில் அதைச் செய்து முடித்தோம்.

மற்றவை சிறியவை. ஒரு கணினியின் நேரம் நேர வலயத்தின் அளவுக்கு மிகச் சரியாக விலகியிருந்தால் அது கடிகாரப் பிழை அன்று. தாய்ப்பலகையின் கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும் லினக்ஸ் உலகப் பொது நேரமாகவும் படிப்பதால், இரண்டையும் மாறி மாறி ஓட்டும் கணினிகளில் அப்படி ஆகும். மின்சாரத்தைத் துண்டித்து மீண்டும் கொடுக்கும் ஒவ்வொரு முறையும் கணினி பல ஆண்டுகள் பின்னே போய் எழுந்தால், தாய்ப்பலகையில் உள்ள 3 வோல்ட் நாணய பேட்டரி தீர்ந்திருக்கும். இந்தப் பேட்டரி ஒரு முறை எங்களைக் கடினமான முடிச்சில் மாட்டிவிட்டது: ஆண்டு தவறாக இருந்ததால், இணையப் பெயர்களுக்கான முகவரிகளை உறுதிசெய்யும் டிஎன்எஸ்செக் கையொப்பங்கள் செல்லாதவையாகத் தோன்றின, அதனால் நேர சர்வரின் பெயரை முகவரியாக மாற்ற முடியவில்லை, அதனால் ஆண்டைத் திருத்த முடியவில்லை. பேட்டரியை மாற்றியதோடு, ஒரு மூலத்தையாவது பெயராக எழுதாமல் நேரடி ஐபி முகவரியாக எழுதி வைத்தோம்.

இரவு நேரத்தில் மட்டும் ஒரு தொலைதூரக் கணினியின் விலகல் 40 மில்லி நொடி வரை ஆடியதற்கும் காரணம் கண்டோம். டேவிட் மில்ஸ் என்ற கணினி அறிஞர் வடிவமைத்த என்டிபி, 1985-இல் முதல் முறையாக ஆவணமாக்கப்பட்ட காலத்திலிருந்தே ஓர் அனுமானத்தின் மேல் நிற்கிறது. கோரிக்கை புறப்பட்ட நேரம், அது சர்வரை அடைந்த நேரம், பதில் புறப்பட்ட நேரம், அது திரும்பி வந்த நேரம் என்ற நான்கைக் கொண்டு விலகலைக் கணக்கிடும்போது, போகும் வழியும் வரும் வழியும் சம நேரம் எடுப்பதாக அது கொள்கிறது. எங்கள் தொலைதூர இணைப்பில் இரவுதோறும் காப்புநகல் மேலேறிக்கொண்டிருந்தது. போகும் திசையில் மட்டும் 80 மில்லி நொடி நெரிசல். சமமின்மையில் பாதி பிழையாக வரும் என்பதால் 40 மில்லி நொடி. கடிகாரம் ஆடவில்லை, அளவீடுதான் ஆடியது. காப்புநகலின் வேகத்தைக் கட்டுப்படுத்தியதும் அது நின்றது. மூலத்தின் தாமதமும் விலகலும் சேர்ந்தே ஏறி இறங்கினால் படிகத்தைத் தேடாமல் வழியைத் தேட வேண்டும்.

இப்போது ஒவ்வொரு கணினியிலும் மூன்றை மட்டும் கண்காணிக்கிறோம். விலகல் 100 மில்லி நொடியைத் தாண்டினால் எச்சரிக்கை. கடைசியாக எந்த மூலத்திடமிருந்தும் நேரம் பெற்று ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனால், விலகல் சுழியமாகவே இருந்தாலும் எச்சரிக்கை. கற்ற வேகத் திருத்தம் திடீரென மாறினால் குறிப்பு மட்டும். படிகத்தின் வேகம் வெப்பத்தால் மாறும் என்பதால், சர்வர் அறையின் குளிரூட்டி நின்றதை வெப்பமானிக்கு முன்பே இது ஒரு முறை காட்டிக்கொடுத்தது. இவற்றை அளக்கும் கணினி தன் நேரத்தை எங்கள் உள் சர்வர்களிடம் கேட்பதில்லை; தனியாக வெளியே கேட்கிறது.

இரட்டைப் பதிவுப் புகார் இன்னும் தீராமலே இருந்தது. செயலி சர்வரின் வேகப் பிழை தெரிந்திருந்ததால், அந்த மூன்றரை நாள்களின் லாக் வரிகளில் ஒவ்வொன்றுக்கும் எத்தனை நொடி கழிக்க வேண்டும் என்று கணக்கிட முடிந்தது. பயனரின் மேசைக் கணினியையும் அளந்து, அதன் விலகலையும் சேர்த்துக்கொண்டேன். திருத்திய வரிசையில் முதல் கோரிக்கை 10:42:06.8 மணிக்கு வந்திருந்தது. 10:42:07 மணிக்கு டேட்டாபேஸ் அதை எழுதியிருந்தது. பதில் மேசைக் கணினியைச் சேரவில்லை. இரண்டு நொடி காத்திருந்த அதன் நிரல் 10:42:08.8 மணிக்கு அதே கோரிக்கையை மீண்டும் அனுப்பியிருந்தது. டேட்டாபேஸ் அதைப் புதிய பதிவாக எழுதியிருந்தது. முன்பு இரண்டு மணி நேரம் நாங்கள் தேடியது சர்வரின் நிரலில். தவறு மேசைக் கணினியின் நிரலில் இருந்தது. மீண்டும் அனுப்பும் கோரிக்கை முதல் கோரிக்கையின் அடையாள எண்ணையே சுமந்து வருமாறும், ஒரே எண் இரண்டாம் முறை வந்தால் டேட்டாபேஸ் அதை ஏற்காதவாறும் மாற்றியபின் அந்தப் புகார் திரும்ப வரவில்லை.